கடைக்காரருக்கு உங்களைத் தெரியாது

மதிப்பிற்குரிய ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 34. சம்பளம் கைக்கு வரும் முன்பே வருமான வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். மிச்சத்தில் குழந்தைக்கு பிஸ்கட் வாங்கினால் ஜி.எஸ்.டி. வங்கியில் போட்டுவைத்தால் வட்டிக்கும் வரி. எங்கள் தெருவில் ரொக்கத்திலேயே வியாபாரம் செய்து மூன்று வீடு கட்டியவர் வருமான வரியாக ஒரு பைசா கட்டியதில்லை. வருமான வரியை ஒழித்துவிட்டுச் செலவுக்கு மட்டும் வரி போட்டால் அவரும் கட்டித்தானே ஆக வேண்டும்? வருமான வரி கூடாது என்று சுப்ரமணியன் சுவாமி பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கும் இதில் முழுச் சம்மதம். நீங்கள் ஏன் எழுதவில்லை?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். மார்ச் மாதம் எனக்கும் இந்தக் கோபம் வரும். ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் அடங்கிவிடும்.

உங்கள் வாதம் நியாயமில்லாதது அல்ல. பாடுபட்டுச் சேர்த்துச் சிக்கனமாக வாழ்கிறவனிடம் கூடுதலாகவும், சும்மா இருந்து வந்ததையெல்லாம் தின்று தீர்ப்பவனிடம் குறைவாகவும் வரி வாங்குவது என்ன முறை என்று ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் 1651இலேயே கேட்டுவிட்டார். ஒருவர் செய்யும் செலவுக்கு வரி என்று அதைச் சட்டமாக்கிப் பார்த்த நாடுகள் மிகச் சில. இந்தியா ஒன்று, இலங்கை இன்னொன்று.

நமக்கு அந்த யோசனையைக் கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர். 1956இல் இங்கே வந்து அறிக்கை கொடுத்தார். மறு ஆண்டே நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி செலவு வரியைக் கொண்டுவந்தார். 1958 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வருவதற்குள் எல்.ஐ.சி. பணத்தை முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் போட்ட விவகாரத்தில் அவர் பதவி விலகியிருந்தார். 1962இல் மொரார்ஜி தேசாய் வரியை நீக்கினார். டி.டி.கே. திரும்பி வந்து 1964இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். 1966இல் அவருக்கு அடுத்த நிதியமைச்சர் சச்சீந்திர சவுத்ரி ஒரேயடியாக மூடினார். பிள்ளையைப் பெற்றவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வெளியே அனுப்பிய கதை.

அந்த வரி ஆளைப் பார்த்துப் போட்டது. ஆண்டில் உங்களுக்கு வந்தது எவ்வளவு, அதில் சேமித்தது எவ்வளவு, மீதி செலவு; செலவு ஏற ஏற விகிதமும் ஏறும். இதற்கு உங்கள் வருமானமும் தெரிய வேண்டும், சேமிப்பும் தெரிய வேண்டும். ஆகவே வருமான வரி அலுவலகத்தை மூடவில்லை; உள்ளே இன்னொரு மேஜை போட்டார்கள். வருமான வரியும் தொடர்ந்தது. கிடைத்த பணமோ சொற்பம்.

நீங்கள் கேட்பது இதை அல்ல. ஜி.எஸ்.டி.யே போதும் என்கிறீர்கள். நியாயத்தை ஹாப்ஸிடம் வாங்கி ஜி.எஸ்.டி.க்குப் போர்த்துகிறோம், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஜி.எஸ்.டி. பண்டத்தைப் பார்த்துப் போடுகிற வரி. பில் அடிக்கிற கடைக்காரருக்கு எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது. மாதம் 25,000 ரூபாய் வாங்கி முழுவதையும் செலவழிக்கிற குடும்பம், செலவில் நூற்றுக்கு 20 வரியாகப் போனால், 5,000 ரூபாய் கட்டுகிறது. இரண்டரை லட்சம் வாங்கி ஒரு லட்சம் செலவழிப்பவர் 20,000 கட்டுகிறார். வருமானத்தில் பார்த்தால் முதல் வீட்டுக்கு 20 சதவீதம், இரண்டாவது வீட்டுக்கு 8. இன்று அந்த முதல் வீடு வருமான வரி கட்டுவதே இல்லை.

2025-26 மத்திய பட்ஜெட்டில் அரசுக்கு வரும் ஒரு ரூபாயில் தனிநபர் வருமான வரி 22 காசு, ஜி.எஸ்.டி. 18 காசு. 22 போனால் 18 என்பது 40 ஆக வேண்டும். 18 சதவீதப் பொருளில் மத்திய அரசின் பங்கு 9. அதே விகிதத்தில் அது 20 ஆகும். மாநிலத்தின் 9 சேர்ந்தால் 29. குத்துமதிப்பான கணக்குதான். விலை ஏறினாலும் எல்லோரும் முன்போலவே வாங்குவார்கள் என்று வேறு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவிலும் இந்த ஆசை உண்டு. வருமான வரியை எடுத்துவிட்டு விற்பனை வரி போடும் 'ஃபேர் டாக்ஸ்' மசோதா 1999 முதல் திரும்பத் திரும்ப வருகிறது, நிறைவேறவில்லை. விகிதம் 23 சதவீதம் என்பார்கள். 100 டாலர் பொருளுக்கு 30 டாலர் வரி. 130இல் 30 என்பது 23 சதவீதமாம்! ஏழைகளுக்காக எல்லாக் குடும்பங்களுக்கும் மாதாமாதம் காசோலை அனுப்பும் ஏற்பாடும் அதில் உண்டு. அதை மட்டும் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் தெரு வியாபாரி. அவர் வருமானத்தை எப்படி மறைத்தார்? பில் போடாமல் விற்றார். பில் போடாத விற்பனையில் ஜி.எஸ்.டி.யும் கிடையாதே. அவர் வாங்கிய மனைக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. வீட்டில் தங்கம் வாங்கியிருந்தால் அதற்கு 3 சதவீதம்தான்.

போன வருடம் குளியலறைக்கு டைல்ஸும் குழாய்களும் வாங்கப் போயிருந்தேன். 40,000 ரூபாய்ச் சரக்கு. கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்: “பில்லா, எஸ்டிமேட்டா?” பில் என்றால் 7,200 ரூபாய் கூடுதல். எஸ்டிமேட் என்றால் கடையின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. பில்தான் என்றேன். வீடு வரும்வரை அந்த 7,200 உறுத்திக்கொண்டே வந்தது. 29 சதவீதத்தில் அது 11,600. அப்போது என்ன சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். வேலை பார்த்த காலமெல்லாம் வரி கட்டி மீந்ததைத்தான் அவர் டெபாசிட்டில் போட்டிருப்பார். நாளை வட்டிக்கு வரி இல்லை என்பது லாபம்தான். ஆனால் ஏற்கெனவே வரி கட்டிய அசலை எடுத்துச் செலவழிக்கும்போது இரண்டாம் முறை கட்டுவார். 34 வயதில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகையில் ஒரு பங்கு அவர் பையிலிருந்து வரும்.

வட்டி விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம்தான் நான். விலைவாசி தின்றது போக மிஞ்சாத வட்டியை வருமானம் என்று எழுதச் சொல்வது அநியாயம். சேமிப்பைத் தொடாதே என்ற கால்டரின் கொள்கை நம் சட்டத்தில் ஒரு மூலையில் இன்னும் இருக்கிறது: வருமான வரியின் பழைய முறையில் 80சி என்று பெயரெடுத்த சேமிப்புக் கழிவு, ஒன்றரை லட்சம் வரை. புதிய முறையில் அது கிடையாது. சேமித்தாலும் ஒன்று, செலவழித்தாலும் ஒன்று, விகிதம் குறைவு. கூட்டம் கூட்டமாக அங்கேதான் போகிறார்கள். நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை.