தோட்டத்துக்குள் எண்ணெய்க் குழாய்: படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கொங்குப் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. அரசு எண்ணெய் நிறுவனம் ஒன்றின் குழாய் எங்கள் தோட்டம் வழியாகப் போகிறதாம். ஆட்கள் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். ‘விளைநிலத்தில் வேண்டாம், சாலையோரமாகக் கொண்டு போ’ என்று விவசாயிகள் சங்கம் போராடுகிறது. நானும் போய் உட்கார்கிறேன். இப்போது ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் ஊருக்குத் துரோகி, போடாவிட்டால் இழப்பீடும் கிடைக்காது என்கிறார் வந்தவர். பட்டா இன்னும் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்களை உறுத்துகிற விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். நீங்கள் கையெழுத்துப் போடுவதாலோ போடாததாலோ குழாய் வருவது முடிவாகாது. இந்தக் குழாய்கள் 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்வழிச் சட்டத்தின்படி வருகின்றன. அந்தச் சட்டம் நிலத்துக்காரரின் சம்மதத்தைக் கேட்பதே இல்லை. கேட்பது ஆட்சேபணையை மட்டும்தான், அதுவும் 21 நாளுக்குள். கையெழுத்து வாங்க வந்தவர் இந்த 21 நாளைப் பற்றி உங்களிடம் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நிலத்தை யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பட்டா உங்களிடமே இருக்கும். அடியில் குழாய் போடவும் பராமரிக்கவும் உள்ள ‘பயன்பாட்டு உரிமை’ மட்டும் நிறுவனத்துக்குப் போகிறது. கேட்க லேசாகத்தான் இருக்கும். வீடு உங்களுடையது, ஆனால் நடுக்கூடத்தில் இன்னொருத்தர் காலத்துக்கும் படுத்திருப்பார் என்றால் எப்படி இருக்குமோ அப்படி. உரிமை போன பிறகு குழாய் போகும் அந்த நிலப்பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது, குட்டை வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. சோளமோ கடலையோ போட்டுக்கொள்ளலாம். தென்னைக்காரருக்கு இதில் என்ன மிச்சம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கெயில் என்ற அரசு நிறுவனத்தின் எரிவாயுத் திட்டத்தில் பட்டையின் அகலம் 20 மீட்டர். உங்கள் தோட்டத்தில் அதே அகலத்தில் 100 மீட்டர் நீளம் குறுக்கே போனால் 2,000 சதுர மீட்டர், அதாவது 49 சென்ட். இருபத்தைந்தடி இடைவெளியில் வைத்த தோப்பு என்றால் சுமார் 34 மரம். சட்டம் சொல்லும் உரிமைத் தொகையோ நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். சென்ட் 20,000 ரூபாய் என்று வைத்தால் 49 சென்ட்டின் மதிப்பு 9,80,000 ரூபாய், அதில் பத்து சதவீதம் 98,000 ரூபாய். மரத்துக்கும் பயிருக்கும் தனி இழப்பீடு உண்டு. என்றாலும், 34 மரம் நின்ற இடத்தில் இனி ஒரு மரம்கூட வைக்க முடியாது என்பதற்கு இந்தப் பத்து சதவீதம் ஈடாகாது. ஊர் ஏன் கொதிக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

கோபத்துக்கு இன்னொரு நியாயமான காரணமும் இருக்கிறது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடக்கிற பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இதற்கு ஏன் நடக்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், எண்ணெய்க் குழாய்க்கு முன் அனுமதி கேட்கப்படுவது அது தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை போன்ற சூழல் நுட்பமான பகுதி வழியாகப் போகும்போதுதான். தென்னந்தோப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, உங்கள் பேச்சு சட்டப்படி கேட்கப்படுகிற இடம் அந்த 21 நாள் ஆட்சேபணை ஒன்றுதான்.

போராட்டத்தால் எது நடக்கும், எது நடக்காது? கெயில் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொச்சியிலிருந்து பெங்களூரு போகும் அந்த எரிவாயுக் குழாய்க்குக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டத்திலும் எதிர்ப்பு. 2013 மார்ச்சில் முதலமைச்சர் ஜெயலலிதாவே சட்டமன்றத்தில், விளைநிலத்தை விட்டு நெடுஞ்சாலையோரமாகக் கொண்டு போகச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இது மத்தியச் சட்டம். மாநில அரசே உங்கள் பக்கம் நின்றாலும் நீதிமன்றத்தில் அது போதவில்லை. அதே சமயம், தீர்ப்பு வந்த மறுநாள் குழாய் மண்ணுக்குள் இறங்கிவிடவும் இல்லை. கொச்சி–மங்களூரு பகுதி 2021 ஜனவரியில் திறப்பு விழா கண்டபோதும் தமிழகப் பகுதி முடிந்திருக்கவில்லை. கேரளத்தில் 2017-இல் முக்கம் பக்கம் நடந்த போராட்டத்துக்குப் பிறகு குழாய் நிற்கவில்லை, ஆனால் இழப்பீடு ஏறியது. பத்து சென்ட்டும் அதற்குக் கீழும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக 5 லட்சம் ரூபாய் என்று அந்த மாநில அரசு அறிவித்தது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: பாதையையும் விலையையும் அசைக்கிற பலம் போராட்டப் பந்தலுக்கு இருக்கிறது. உங்கள் சர்வே எண்ணைக் காப்பாற்றுகிற பலம் அதற்கு இல்லை. அது தாளில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம், துரோகம் எதுவும் இல்லை. கோவை இருகூரிலிருந்து பெங்களூரு பக்கம் தேவனகொந்திக்குப் போகும் எண்ணெய்க் குழாயில், இருகூர் முதல் முத்தூர் வரையாவது சாலையோரமாகக் கொண்டுபோகச் சொல்லி விவசாயிகள் கேட்டுவருவது கூட்டாகக் கேட்க வேண்டிய கோரிக்கை. உங்கள் கிணறு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது? என்னிடம் வந்த இரண்டு மனுக்களைச் சொல்கிறேன். ஒன்றில், “எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும், எனவே திட்டத்தைக் கைவிட வேண்டும்” என்று நாலு வரி, கீழே நாற்பது பேர் கையெழுத்து, சர்வே எண் ஒன்றுகூட இல்லை. இன்னொன்று ஒரு பாட்டி கொடுத்தது. பேரன் நோட்டுத்தாளில் புல வரைபடத்தைப் பார்த்து வரைந்திருந்தான். நட்ட கல்லிலிருந்து கிணற்றுக் கைப்பிடிச் சுவர் வரை டேப் வைத்து அளந்து 4 மீட்டர், மாட்டுக் கொட்டகைக்கு 9 மீட்டர், கிணற்றிலிருந்து தொட்டிக்குப் போகும் பூமிக்கடி பைப் எந்த இடத்தில் கல்வரிசையை வெட்டுகிறது என்பதற்கு ஒரு பெருக்கல் குறி. முதல் மனுவை ஒரே வரியில் தள்ளிவிடலாம். இரண்டாவதைத் தள்ள வேண்டுமானால் அதிகாரி தோட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

சட்டத்தின் 7-ஆம் பிரிவு உங்களுக்குச் சில கேடயங்களைக் கொடுக்கிறது. குடியிருப்பாக இருக்கும் நிலம், அறிவிக்கைக்கு முன்பே நிரந்தரக் கட்டுமானம் நிற்கிற நிலம், வீட்டை ஒட்டிய வளவு, இவற்றின் அடியில் குழாய் போடக் கூடாது. தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் கூடாது. கல் கட்டிய கிணறும் நிரந்தரக் கட்டுமானம்தான் என்று நான் வாதாடுவேன், நீங்களும் எழுதுங்கள். அறிவிக்கை வந்த பிறகு அவசரமாகக் கட்டியதோ வைத்ததோ கணக்கில் வராது. கன்று நட்டுக் கூடுதல் காசு பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்த 21 நாள் எப்போது தொடங்குகிறது? 3(1) பிரிவின்படி மத்திய அரசிதழில் அறிவிக்கை வெளியாகி, அதன் நகல் பொதுமக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து. அறிவிக்கை வந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் நாளைக்கே விசாரியுங்கள். வரவில்லை என்றால், அளக்க உள்ளே வரும் அதிகாரமே அவர்களுக்கு இன்னும் பிறக்கவில்லை. அந்த அதிகாரம் அறிவிக்கையோடு சேர்ந்து வருவது. வந்திருந்தால், தகுதிவாய்ந்த அதிகாரிக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். நேரிலோ வக்கீல் மூலமோ உங்களை அழைத்துக் கேட்க வேண்டியது அவர் கடமை. அறிவிக்கை வந்து ஓராண்டுக்குள் பயன்பாட்டு உரிமையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் அடுத்த கட்டப் பிரகடனம் வெளியாகவில்லை என்றால் அந்த அறிவிக்கை காலாவதி. தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். குழாய் போகும் வழியின் வரைபடத்தையும், சாலையோர மாற்றுப்பாதையைப் பரிசீலித்த கோப்பையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுத்துறை நிறுவனம் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

பட்டா விஷயம்தான் எனக்குக் கவலை. இழப்பீட்டுக்குப் பெயர் எடுப்பது பட்டாவைப் பார்த்து. அப்பா பெயரே வந்தால் நாளைக்குக் காசோலையும் அப்பா பெயருக்கு வரும், அல்லது வாரிசுகள் கூடி வரும் வரை எங்காவது கிடக்கும். வாரிசுச் சான்றிதழ் எடுத்து, கூடப்பிறந்த அக்கா தங்கைகளையும் சேர்த்துப் பட்டா மாறுதலுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். குழாய் வந்தாலும் வராவிட்டாலும் இது வீண் போகாது. ஆட்சேபணைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். நிலத்தில் அக்கறை உள்ள எவரும் ஆட்சேபிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. வாரிசு என்று குறிப்பிட்டுக் கொடுங்கள்.

குழாய் வந்தே தீரும் என்ற கட்டம் வந்தால், மரம் வெட்டும் நாளில் வீட்டில் ஒருவர் கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். காய்ப்பு மரம் எத்தனை, இளம் மரம் எத்தனை என்று மகஜரில், அதாவது அந்த இடத்திலேயே எழுதும் பதிவுத்தாளில், எழுதிய பிறகே வாள் இறங்கட்டும். குழிக்கு அந்தப்பக்கம் உள்ள பாதித் தோப்புக்கு வாரக்கணக்கில் தண்ணீர் போகாது. நிலம் இப்படித் தற்காலிகமாகத் துண்டாவதற்கும் இழப்பீடு உண்டு என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. பலர் கேட்பதே இல்லை. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மூடும்போது மேலேயே போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடியில் இருந்த சுக்காங்கல் மேலே வந்து கிடக்கும். தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். காசோலை வாங்கும்போது ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதி வாங்குவது என் வழக்கம்.

வேலை தொடங்குமுன் கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து முடிவை வைத்துக்கொள்ளுங்கள். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் எண்ணெய்க் குழாய்க் கசிவு நிலத்தடி நீரில் கலந்தது. 2023 மார்ச்சில் நாகப்பட்டினம் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, குழாயையே எடுத்துவிட வேண்டும் என்று மீனவர்கள் நின்றார்கள். முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் சான்று இருக்க வேண்டும். என்றைக்காவது கிணற்றடியில் பெட்ரோல் வாடை வந்தால் மோட்டார் சுவிட்சைத் தொடாமல் தூரப் போய்விட்டு, அடையாளக் கம்பத்தில் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள்.

போராட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். கல்லைப் பிடுங்குவது, வண்டியை மறிப்பது மட்டும் வேண்டாம். வேலையைத் தடுப்பதற்கும் குழாயைச் சேதப்படுத்துவதற்கும் இந்தச் சட்டத்திலேயே சிறை உண்டு. வழக்கு சங்கத்தின் மேல் வராது, உங்கள் பெயரில் வரும்.

இனி அந்தப் படிவம். தலைப்பைப் பாருங்கள். வெறும் அறிவிப்பு பெற்றதற்கான ஒப்புகை என்றால் தேதியுடன் கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள். ‘சம்மதம்’, ‘ஆட்சேபணை இல்லை’, ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற சொற்களில் ஒன்று இருந்தாலும் போட வேண்டாம். தொகை எழுதாத காலி இடத்துக்குக் கீழேயும் வேண்டாம். போடாவிட்டால் இழப்பீடு கிடையாது என்பது சரியில்லை. இழப்பீடு சட்டப்படி வருவது, அந்தத் தாளால் வருவதல்ல. போனில் படம் எடுத்துக்கொண்டு, படித்துப் பார்க்க இரண்டு நாள் கேளுங்கள். பட்டா உங்கள் பெயருக்கு வராத வரை உங்கள் கையெழுத்து அவர்களுக்கே அரைகுறைதான். அதை வந்தவரிடம் நீங்களே சொல்லிவிடலாம்.