டவுனில் ஓர் இல்லமா, தோட்டத்துக்குள்ளேயே ஓர் ஏற்பாடா?

அன்புள்ள அக்காவுக்கு,

இராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். பதினோரு வருஷமாகக் கொழும்பில் கடை வேலை. அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு 74 வயது, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியாக இருக்கிறார். எங்கள் தோட்டத்திலிருந்து வெளியே வந்து வேலை செய்கிறவர்கள் சேர்ந்து, டவுனில் ஒரு முதியோர் இல்லம் கட்டப் பணம் திரட்டுகிறோம். ஆனால் வெளிநாடுகளில் இல்லங்களைக் குறைத்து, வீட்டுக்கே வந்து கவனிக்கும் முறைக்கு மாறுகிறார்கள் என்று படித்தேன். அவர்கள் விட்டுவிட்டு வருவதை நாங்கள் இப்போது போய்க் கட்டுவதா? அம்மாவோ, "என்னைய எங்கயும் கொண்டு போய் விட்டுறாதய்யா" என்கிறார். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், கொழும்பு

அன்புள்ள தம்பிக்கு,

கட்டடத்துக்குப் பணம் போடவேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அதைத் தோட்டத்துக்குள்ளேயே செலவழியுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நீங்கள் படித்தது உண்மைதான். டென்மார்க்கில் பழைய பாணி முதியோர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதை 1987இலேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில், ஊரோடு சேர்ந்து வாழக்கூடியவரைத் தேவையில்லாமல் நிறுவனத்தில் வைத்திருப்பது பாகுபாடு என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு மாற்றுத்திறனாளிகளான இரண்டு பெண்களுடையது. அதன் பலன் வயதானவர்களுக்கும் வந்து சேர்ந்தது. 2013 அளவில், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிக்கெய்ட் திட்டம் நீண்டகாலப் பராமரிப்புக்குச் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்கும் ஊருக்குள் நடக்கும் சேவைகளுக்கும் போயிற்று.

இதில் நாம் கவனிக்கவேண்டியது பணம் போன வழி. அங்கே இல்லத்துக்குப் போன பணம் வீட்டுப் பக்கம் திரும்பியது. டென்மார்க்கில் உள்ளூராட்சி சபை சம்பளம் கொடுத்து ஆள் அனுப்புகிறது. அந்த ஆள் வந்து குளிக்க உதவி, மருந்து எடுத்துக் கொடுத்து, வீட்டையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் போகிறார். நம் தோட்டங்களில் மூடுவதற்கு இல்லமும் கிடையாது, வீட்டுக்கு வர ஆளும் கிடையாது. இந்த நிலையில் 'சமூகம் பார்த்துக்கொள்ளும்' என்றால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மகளோ மருமகளோ பேர் போடாமல், அதாவது அன்றைய வேலைக்குப் போகாமல், வீட்டில் நிற்கவேண்டும்.

என் பெரியம்மா 38 வருஷம் கொழுந்து பறித்தவர். வேலை செய்கிற காலத்தில் சம்பளத்தோடு சேரும் சேமலாப நிதிக் காசைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம், ஆண்கள் 55இல். அவரும் 50இல் எடுத்தார். மூத்த மகள் கல்யாணத்தோடும் கூரைத் தகரத்தோடும் அது முடிந்தது. முழங்கால் விட்டுப்போன பிறகு டவுனில் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். இல்லத்தை நான் குறை சொல்லமாட்டேன். சுத்தமான படுக்கை, நேரத்துக்குச் சாப்பாடு. நான் பார்க்கப் போன அன்று கட்டிலில் உட்கார்ந்து, போர்வை ஓரத்து நூலை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து கிள்ளுகிற அதே விரல். என்னைப் பார்த்ததும், "பக்கத்துக் காம்பராக்காரிக்குக் கால் வீக்கம் வத்திருச்சா?" என்றுதான் கேட்டார். நாலாம் மாதம் கூட்டி வந்துவிட்டோம்.

வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். கக்கூசு, லயத்து அறையான காம்பராவிலிருந்து 23 படி கீழே. மழை பெய்தால் படி முழுக்கப் பாசி. பக்கத்துக் காம்பராப் பையன் ஒருவன், லொறியில் சாமான் கட்டுகிற நைலோன் கயிற்றை வாசல் இஸ்தோப்புத் தூணிலிருந்து கக்கூசுக் கதவு வரைக்கும் இழுத்துக் கட்டினான். இடுப்பு உயரத்தில், முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு. பனி மூடிய விடியக்காலையில் பெரியம்மா முடிச்சை எண்ணிக்கொண்டே இறங்குவார். அந்தக் கயிற்றைப் பிடித்து மூன்று வருஷம் தன் காலாலேயே போய் வந்தார்.

ஆனால் கயிறு மட்டும் போதவில்லை. குளிக்க வைக்க, கிளினிக்குக்குக் கூட்டிப் போக, இரவில் எழுந்து பார்க்க, கடைசி மகள் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்தினாள். மூன்று வருஷச் சம்பளம் போயிற்று, அந்த மூன்று வருஷச் சேமலாப நிதியும் போயிற்று. அவளை எல்லாரும் நல்ல மகள் என்று புகழ்ந்தோம். ஒரு ரூபாய்கூட யாரும் கொடுக்கவில்லை, நான் உட்பட. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

தம்பி, உங்கள் பணம் அப்படிப்பட்ட பெண்ணின் கைக்குப் போகவேண்டும். தோட்டத்திலேயே இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, தூக்கி உட்கார வைப்பது, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, பிரஷர், சீனி பார்ப்பது எல்லாம் பழக்கி, மாதச் சம்பளம் கொடுங்கள். சேமலாப நிதியும் கட்டுங்கள். வீடு வீடாகப் போகட்டும்.

இந்த நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து சுகாதாரச் சேவை வீடு தேடிப் போகிறது. இன்றைக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டை மிட்வைஃப் தேடி வருகிறார், பிறந்த பிள்ளையின் நிறையைக் கணக்கு வைக்கிறார். அதே வீட்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2012 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 7.9 பேர், 2024இல் 12.6 பேர். இனியாவது அவர்களைத் தேடி ஆள் வரவேண்டும்.

பிள்ளைக்காம்பராவையும் யோசித்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் தாய்மார் பகலில் பிள்ளைகளை விட்டுப்போக வந்த ஏற்பாடு அது. நானறிந்த தோட்டங்களில் இப்போது பிள்ளைகள் குறைவு. கட்டடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. பகல் நேரத்தில் ஓர் அறையைப் பெரியவர்களுக்கு ஒதுக்கித் தரச்சொல்லி நிர்வாகத்திடம் கேட்கலாம். மத்தியானச் சோறு, ஒரு தேத்தண்ணி, பேச ஆள். மகளும் அன்றைக்குப் பேர் போடலாம்.

தொடர்ந்து பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நம் தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் இருக்கிறதே! செத்தவருக்குப் பெட்டி வாங்க மாதாமாதம் காசு கொடுக்கத் தெரிந்த ஜனம் நாம். அதே கணக்குப் புத்தகத்தில் உயிரோடு இருப்பவருக்கு ஒரு பக்கம் திறக்கலாம். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த் தணிப்புச் சேவை, அக்கம்பக்கத்து ஆட்களும் அவர்கள் திரட்டிய சில்லறைக் காசும் சேர்ந்துதான் வளர்ந்தது. 2008இல் மாநில அரசே அதைக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. அங்கேயும் அரசு பின்னால்தான் வந்தது. நீங்களும் தொடங்கிவிட்டுக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பிரதேச செயலகத்துக்குப் போய் அதை வைத்துப் பேசலாம்.

அப்புறம், எல்லாரையும் லயத்திலேயே வைத்துப் பார்க்கமுடியும் என்றும் நான் சொல்லவில்லை. நினைவு முற்றாகத் தப்பியவர்கள், யாருமே இல்லாதவர்கள், 1964 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் சொந்தமெல்லாம் இந்தியாவுக்குப் போய்த் தனித்துப்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே, தமிழ் பேசும் ஆளோடு நாலு கட்டில் வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்த முறை லீவில் போகும்போது, விடியக்காலை ஐந்து மணிக்கு அம்மாவோடு கக்கூசு வரை நடந்து பாருங்கள். எத்தனை படி, எந்த இடத்தில் அவர் கை எதைத் தேடுகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கயிறு நான் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா