ஒரே பாசறை, நான்கு ராணுவம்: வூன்ஸ்டோர்ஃப் பற்றிய கேள்வி பதில்

ஜெர்மன் ராணுவப் பாசறைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வூன்ஸ்டோர்ஃப் என்ற ஒரே ஊரைப் பற்றி. பெர்லினுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், ஸோசென் நகரத்தை ஒட்டி, பைன் காட்டுக்குள் இருக்கிற ஊர். கெய்சர் என்ற ஜெர்மன் பேரரசரின் படை, முதல் உலகப்போருக்குப் பிந்தைய குடியரசின் படை, ஹிட்லர் காலத்து வேர்மாக்ட், கடைசியில் சோவியத் படை என்று நான்கு ராணுவம் மாறி மாறி இருந்த இடம். சரி, இந்தத் தடவை அதை மட்டுமே பார்த்துவிடுவோம்.

பல்லாவரத்துக்காரர்: அண்ணா, எங்க ஊர் கண்டோன்மென்ட் மாதிரிதானா அது? அந்தக் காட்டுக்குள் போய் ஏன் கட்டினார்கள்?

ஏறக்குறைய அப்படித்தான். பரேடு மைதானம், அதிகாரிகள் கட்டடம், துப்பாக்கி சுடும் திடல், அதைச் சுற்றி வளர்ந்த கடைத்தெரு. இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் மண். பிராண்டன்பர்க் பக்கம் வெறும் மணல். விவசாயத்துக்கு லாயக்கில்லாத நிலத்தை ராணுவம் எடுத்தால் சத்தம் போட ஆளில்லை. பக்கத்தில் கும்மர்ஸ்டோர்ஃபில் 1870-களிலிருந்தே பிரஷ்ய பீரங்கிப் படையின் சோதனைத் திடல் இருந்தது. அதற்காகவே பெர்லினிலிருந்து ராணுவத்துக்கென்று தனி ரயில் பாதை போட்டிருந்தார்கள். 1903-ல் ஒரு மின்சார ரயில் 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது என்று படித்திருப்பீர்கள். அது ஓடியது மாரியன்ஃபெல்டேக்கும் ஸோசெனுக்கும் இடையே இந்தப் பாதையில்தான்.

வூன்ஸ்டோர்ஃப் பாசறை 1910 வாக்கில் ஆரம்பம். காலாட்படையின் துப்பாக்கி சுடும் பள்ளி, அதையடுத்து ராணுவ உடற்பயிற்சிப் பள்ளி என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்த உடற்பயிற்சிப் பள்ளிக் கட்டடத்தை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

வரலாறு படிக்கும் மாணவி: முதல் உலகப்போரில் இந்தியச் சிப்பாய்கள் அங்கே கைதிகளாக இருந்தார்கள் என்பது உண்மையா அண்ணா?

உண்மை. எனக்கு வூன்ஸ்டோர்ஃப் மேல் பித்துப் பிடித்ததே இதனால்தான். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1914 செப்டம்பர் 22-ல் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டது நமக்குத் தெரியும். அதே வாரம், 26-ம் தேதி, லாகூர் டிவிஷன் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. பின்னாலேயே மீரட் டிவிஷன். பஞ்சாபிகள், கார்வாலிகள், பட்டாணியர், கூர்க்காக்கள் எல்லோரும் நேராக மேற்குப் போர்முனைச் சேற்றுக்குள் போனார்கள். அங்கே பிடிபட்டவர்களை ஜெர்மானியர்கள் வூன்ஸ்டோர்ஃபுக்குக் கொண்டுவந்தார்கள்.

மற்ற கைதி முகாம்களிலிருந்து இது வேறுபட்டது. பெயர் 'ஹால்ப்மோண்ட்லாகர்', அதாவது பிறைநிலா முகாம். பிரிட்டன், பிரான்ஸ் படைகளில் இருந்த முஸ்லிம் கைதிகளை நன்றாக நடத்தி, அவர்களைத் தங்கள் எஜமானர்களுக்கு எதிராகவே திருப்பிவிடலாம் என்பது கெய்சர் அரசின் கணக்கு. அதற்காகவே மரத்தில் ஒரு மசூதி கட்டி, 1915 ஜூலை 13-ல் திறந்தார்கள். ஜெர்மன் மண்ணில் தொழுகைக்கென்று கட்டிய முதல் மசூதி அதுதான். ஒரு பக்கம் இந்துக்களும் சீக்கியர்களும் இருந்த 'இந்தியர் முகாம்'. கணக்கு என்னவோ பலிக்கவில்லை. கட்சி மாறியவர்கள் சொற்பம். மசூதியை 1920-களின் நடுவில் இடித்துவிட்டார்கள். தெருவின் பெயர் மட்டும் இன்றைக்கும் 'மோஷேஷ்ட்ராஸே', மசூதித் தெரு.

முகாமுக்கு மொழி ஆராய்ச்சியாளர்களும் வந்தார்கள். கைதிகளை ஒரு ஒலிக்குழாயின் முன்னால் நிறுத்தி, பேசவும் பாடவும் சொல்லிப் பதிவு செய்தார்கள். உச்சரிப்பைப் பிடிப்பதுதான் அவர்கள் நோக்கம், மனக்குறையைக் கேட்பதில்லை. ஆனால் 1916 டிசம்பர் 11-ல் மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் குழாயின் முன் நின்று தன் கதையையே சொல்லிவிட்டார், அதுவும் படர்க்கையில். ஊரில் வெண்ணெய் தின்று, பால் குடித்து வாழ்ந்த ஒருவன் இருந்தான். ஆங்கிலேயனிடம் வேலைக்குச் சேர்ந்தான். போரில் ஜெர்மனியிடம் சிக்கினான். அவனுக்கு இந்தியா திரும்ப வேண்டும். இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருந்தால் செத்துப்போவான். மொத்தம் ஒரு நிமிடம் சொச்சம்தான். பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் அந்தத் தட்டு இருக்கிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு 'வெண்ணெய்' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. அதற்கு மேல் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

அந்தக் குளிரில் காசநோயால் நிறையப் பேர் இறந்தார்கள். பக்கத்தில் ஸேரன்ஸ்டோர்ஃபில் இந்தியர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 206 பேர். சோவியத் காலத்தில் பயிற்சித் திடலுக்குள் மாட்டிச் சிதைந்துபோனதை 2005-ல் சீர்செய்து திறந்தார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோரை 1917-லேயே ருமேனியாவுக்கு மாற்றிவிட்டார்கள், தட்பவெப்பம் கொஞ்சம் தாங்கும் என்று.

நாகர்கோவில் வாசகர்: செண்பகராமன் பிள்ளைக்கும் இந்த முகாமுக்கும் சம்பந்தம் உண்டா? அவர் எம்டனில் வந்தவராயிற்றே?

முதல் பாதிக்கு, உண்டு. பெர்லினில் இயங்கிய இந்தியச் சுதந்திரக் குழுவில் அவர் முக்கியமானவர். சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவும் அதில் இருந்தார். அந்தக் குழுதான் இந்தியக் கைதிகளிடையே பிரிட்டிஷ் எதிர்ப்புப் பிரசாரம் செய்தது. கைதிகளுக்கென்று 'ஹிந்தோஸ்தான்' என்று ஹிந்தியிலும் உருதுவிலும் ஒரு பத்திரிகைகூட வந்தது.

எம்டன் விஷயம் கதை. கப்பல் சென்னையைச் சுட்டபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். சொன்னால் ஊரில் அடிக்க வருவார்கள், தெரியும்.

டாங்க் மாடல் செய்பவர்: வேர்மாக்ட் காலத்தில் அங்கே எந்த யூனிட்?

பான்ஸர் (டாங்க்) ரெஜிமென்ட் 5. முதல் உலகப்போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி டாங்க் வைத்துக்கொள்ளவே கூடாது. அதனால் 1929 முதல் 1933 வரை சோவியத் நாட்டில், கஸான் நகரத்துக்குப் பக்கத்தில், 'காமா' என்ற ரகசியப் பள்ளியில் பயிற்சி எடுத்தார்கள். உள்ளூரில் காருக்கு மேல் தகரக்கூடு மாட்டி டாங்க் என்று சொல்லிப் பழகினார்கள். அப்புறம் ஸோசெனில் 'மோட்டார் வாகனப் பயிற்சிப் பிரிவு' என்ற சாதுவான பெயரில் டாங்க் படை முளைத்தது. 1935 அக்டோபரில் முதல் மூன்று பான்ஸர் டிவிஷன்களை அமைத்தபோது, 5-வது ரெஜிமென்ட் 3-வது டிவிஷனுக்குக் கீழே வந்தது. 1941-ல் அதை அங்கிருந்து பிரித்து ஜெனரல் ரோமெலிடம் வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். நீங்கள் மணல் நிறம் அடித்து வைத்திருக்கும் மாடலில் இந்த ரெஜிமென்ட்டின் அடையாளம் இருந்தால், அந்த வண்டிக்குச் சொந்த ஊர் வூன்ஸ்டோர்ஃப்.

சேலம் வாசகர்: ஹிட்லரின் பங்கர் அங்கேதானே?

இல்லை. அது பெர்லினில். வூன்ஸ்டோர்ஃபில் இருந்தது தரைப்படைத் தலைமையகம். 1937-ல் தொடங்கி 'மைபாக் 1' என்று பன்னிரண்டு கட்டடங்கள், வளையமாக. மேலே இருந்து பார்த்தால் சாய்வுக் கூரையும் புகைபோக்கியும் உள்ள கிராமத்து வீடுகள். உள்ளே முழுக்கக் கான்கிரீட். புகைபோக்கி என்று தெரிவது காற்றுக்குழாய். கீழே இரண்டு தளம், ஒன்றையொன்று இணைக்கும் சுரங்கப்பாதை. பக்கத்தில் 'செப்பலின்' என்ற தொலைபேசி, டெலிபிரிண்டர் பங்கர். 1939 ஆகஸ்ட் கடைசியில் தலைமையகம் குடிவந்தது, சில நாளில் போலந்துப் படையெடுப்பு இங்கிருந்தே நடந்தது.

ஹிட்லரைக் கொல்ல அவருடைய அதிகாரிகளே போட்ட 1944 ஜூலை 20 சதிக்கும் இங்கே ஒரு கிளை உண்டு. ஸ்டாஃபன்பெர்க் குண்டு வைத்துவிட்டுத் திரும்ப விமானம் ஏற்பாடு செய்த ஜெனரல் எட்வர்ட் வாக்னர், மூன்று நாள் கழித்து ஸோசெனில்தான் தன்னைச் சுட்டுக்கொண்டார். 1945 மார்ச் 15-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன, ஏப்ரல் 21 வாக்கில் சோவியத் செம்படை உள்ளே வந்துவிட்டது. போருக்குப் பின் மைபாக்கை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று சாய்ந்து கிடக்கும் கான்கிரீட் பாளங்களுக்கு நடுவே மரம் முளைத்திருக்கிறது.

பொறியியல் மாணவர்: படத்தில் ராக்கெட் மாதிரி கூம்பாக நிற்பது என்ன சார்?

வின்கெல் கோபுரம். டூயிஸ்புர்க்கைச் சேர்ந்த லியோ வின்கெல் வடிவமைத்த, தரைக்கு மேலே நிற்கும் பதுங்குமிடம். கூம்பாக இருந்தால் குண்டு வழுக்கிக் கீழே போய் வெடிக்கும், மேலிருந்து பார்க்கும் விமானிக்கும் குறி சின்னது. ஜெர்மானியர்கள் வைத்த செல்லப்பெயர் 'சர்க்கரைக் கூம்பு'.

தபால்தலை சேகரிப்பவர்: 1940-களின் ஜெர்மன் ராணுவக் கடிதம் ஒன்று கிடைத்தது. ஊர் பெயரே இல்லை, ஐந்து இலக்க எண்தான். வூன்ஸ்டோர்ஃபாக இருக்குமா?

அது ஃபெல்ட்போஸ்ட் எண். யூனிட் எது, எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது என்றுதான் ஊருக்குப் பதில் எண். எண்ணை வைத்து யூனிட்டைப் பிடிக்கலாம். ஆனால் ஒரே எண் பிறகு வேறு யூனிட்டுக்குப் போயிருக்கலாம் என்பதால் முத்திரையில் தேதியையும் பாருங்கள். ஒன்று மட்டும்: இணைய ஏலத்தில் 'ஸோசென் தலைமையகம்' என்று சொல்லி விலையை ஏற்றி விற்பவரிடம் ஜாக்கிரதை. நானே ஒருமுறை ஏமாந்தேன்.

கோவை வாசகர்: சோவியத் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எந்தப் படைப்பிரிவு இருந்தது?

படைப்பிரிவு என்பதைவிடத் தலை என்று சொல்ல வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் இருந்த மொத்த சோவியத் படைக்கும் தலைமையகம் இங்கேதான். 16-வது விமானப்படை ஆர்மியின் தலைமையகமும் இங்கேயே. கீழே ஐந்து ஆர்மிகள், டிரெஸ்டன், ஃபியூர்ஸ்டன்பெர்க், மாக்டெபர்க், வைமார், எபர்ஸ்வால்டே என்று பரவிக் கிடந்தன. முதல் தளபதி ஷூகோவ். 1961-ல் பெர்லின் சுவர் எழும்பியபோது தளபதி கோனெவ், கடைசித் தளபதி புர்லகோவ்.

வூன்ஸ்டோர்ஃப் பாசறைச் சுவருக்குள் பள்ளி, கடை, தியேட்டர், நீச்சல்குளம், பேக்கரி எல்லாம் ரஷ்யமயம். மாஸ்கோவுக்கே நேரடி ரயில். மக்கள் தொகையை 40,000 முதல் 75,000 வரை சொல்கிறார்கள். பக்கத்து ஜெர்மானியர்களுக்கு அது 'தடைசெய்யப்பட்ட நகரம்'. அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. பழைய செப்பலின் பங்கரையும் விடவில்லை, பழுதுபார்த்துத் தங்கள் தகவல்தொடர்பு மையமாக்கி 'ரனெட்' என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மானியன் மாஸ்கோவைப் பிடிக்க உத்தரவு அனுப்பிய அதே அறையில் மாஸ்கோக்காரன் வந்து உட்கார்ந்தான்.

1991-ல் கிழக்கு ஜெர்மனியில் சோவியத் சிப்பாய்கள் மட்டும் சுமார் 3,38,000 பேர். குடும்பத்தோடு சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல். 1994 ஆகஸ்ட் 31-க்குள் அத்தனை பேரும் கிளம்ப வேண்டும் என்று ஒப்பந்தம், கிளம்பினார்கள். திரும்பியவர்களில் பலருக்கு ஊரில் வீடே இல்லை. ஜெர்மனி பணம் கொடுத்து அங்கே குடியிருப்பு கட்டவேண்டியிருந்தது.

ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்பவர்: அண்ணா, பெர்லின் வரும்போது ஒரு நாளில் பார்த்துவிடலாமா? எது முக்கியம்?

தாராளமாக. பெர்லினிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம், 'வூன்ஸ்டோர்ஃப்-வால்ட்ஷ்டாட்' நிலையத்தில் இறங்குங்கள். பங்கருக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். ஜூலையாக இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே படி இறங்க இறங்க முதுகில் குளிர் ஏறும். 1998 முதல் பழைய புத்தகக் கடைகளை வைத்து 'புத்தக நகரம்' என்று ஒன்றும் நடத்துகிறார்கள். பங்கர் சுற்றுலாவும் அங்கிருந்துதான்.

பிறகு 'அதிகாரிகள் இல்லம்' போய்ப் பாருங்கள், வெளியிலிருந்தாவது. முதலில் சொன்ன உடற்பயிற்சிப் பள்ளி அதுதான். கெய்சர் கட்டினார், 1936 ஒலிம்பிக்குக்கு ராணுவ வீரர்கள் அங்கே பயிற்சி எடுத்தார்கள், சோவியத் அதிகாரிகள் அங்கே நாடகம் பார்த்தார்கள். இப்போது காலி. வாசலில் லெனின் மட்டும் நிற்கிறார்.

நேரம் மிச்சமிருந்தால் ஸேரன்ஸ்டோர்ஃப் போய்விட்டு வாருங்கள். பஸ் கிடையாது, நிலையத்திலிருந்து சைக்கிள் எடுத்துப் போவது உத்தமம். காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் மணல், சக்கரம் புதையும், இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.