ஒன்றரை வயதில் குழந்தை திடீரென்று சாப்பாட்டை ஒதுக்குவது ஏன்?

பழகிய நாலைந்து உணவைத் தவிர மற்றதற்கெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொள்வது, புதிதாக எதை வைத்தாலும் தள்ளிவிடுவது. இதைத்தான் சாப்பாட்டில் அடம் என்கிறோம்.

முக்கியக் காரணம், வளர்ச்சி வேகம் குறைவது. முதல் வருடத்தில் பிறந்த எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடத்தில் கூடுவது சுமார் 2 முதல் 2.5 கிலோதான். பசியும் அதற்கேற்பக் குறைகிறது. அம்மாவின் கண்ணுக்கோ தட்டில் மிஞ்சியதுதான் தெரிகிறது. ஒவ்வொரு உணவிலும் ஒரு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் வைத்தால் போதும். ஒரு வேளையை அல்ல, ஒரு வாரத்தைக் கணக்குப் பாருங்கள்.

புது உணவு, வீட்டுக்கு வந்த புது ஆள் மாதிரி. அவர் முதல் நாளே மடிக்கு இழுத்தால் குழந்தை அழும். பலமுறை பார்த்துப் பழகினால் தானே ஒட்டிக்கொள்ளும். பட்டாணி அளவு தட்டோரத்தில் வையுங்கள், கெஞ்சாமல், 8 முதல் 15 தடவை. விரலால் நசுக்கி, நக்கிவிட்டுத் துப்பினாலும் அது முன்னேற்றமே. கன்னத்தைப் பிடித்துத் திணித்தால் வெறுப்புதான் வளரும்.

பலர் கவனிக்காதது பால். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 500 மி.லி.-ஐத் தாண்டினால் வயிறு அதிலேயே நிரம்பிவிடும், இரும்புச்சத்தும் குறையலாம்.

'நான் சரியாக ஊட்டவில்லை, அதனால்தான்' என்று பல அம்மாக்கள் நினைப்பது தவறு. இது வயதின் இயல்பு, ஆனால் எடை குறைந்தாலோ விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.