பினாங்கில் கூட்டமில்லாத இடம் வேண்டுமா? கடலைத் தாண்டி வாருங்கள்

கேள்வி: உங்கள் மாநிலத்தில் வெளியூர்க்காரர்கள் அதிகம் போகாத, ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் எவை?

நான் மலேசியாவின் பினாங்கு மாநிலம். ஆனால் தீவில் இல்லை, சுங்குரும்பை ஆள். வரைபடத்தில் புக்கிட் மெர்தாஜாம் என்று இருக்கும். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் ஓரவஞ்சனையாகத்தான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பினாங்கு என்றதும் எல்லாரும் போவது தீவுக்கு. கொடிமலை ரயில், கெக் லோக் சி புத்தர் கோயில், ஆர்மேனியன் தெருச் சுவரோவியத்துக்கு முன்னால் ஒரு படம், பத்து பெரிங்கி கடற்கரையில் ஒரு மாலை, நடுவில் நாசி கண்டார் சோறு. இரண்டு நாளில் முடிந்தது. ஆனால் மாநிலத்தின் நிலத்தில் பெரிய பங்கு தீவில் இல்லை, கடலுக்கு இந்தப் பக்கம் செபராங் பிறையில் இருக்கிறது. 1786இல் தீவில் கொடி ஏற்றிய ஆங்கிலேயர்கள், 1800இல் இந்தக் கரையையும் அண்டை மலாய் அரசான கெடாவிடமிருந்து பெற்று ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். சுற்றுலாப் பேருந்துகளுக்குத்தான் இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். புனித அன்னம்மாள் ஆலயத்தை மலேசியத் தமிழர்கள் பலரும் அறிவார்கள். ஜூலை மாதத் திருவிழாவுக்கு நாடு முழுவதிலுமிருந்து, சிங்கப்பூரிலிருந்தும் கூட்டம் வரும். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, தைப்பூசத்துக்குத் தீவின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிற அதே குடும்பங்களையும் மெழுகுவர்த்தியோடு பார்க்கலாம். 1888இல் கட்டிய பழைய கோயில் மேட்டில் இருக்கிறது. 2019இல் இந்த ஆலயத்துக்கு வத்திக்கான் தரும் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதியும் கிடைத்தது. இதெல்லாம் தெரிந்த கதை. வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்க்காமல் போவது, அதே வளாகத்தில் இருக்கும் ஒரு பாறையை. செரோக் தோக்குன் கல்வெட்டு என்பார்கள். தென்னிந்திய எழுத்து மரபில், சமஸ்கிருதத்தில், ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன்னால் செதுக்கியது. 1840களில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதைப் பதிவு செய்தார். எழுத்துகள் நன்றாகத் தேய்ந்துவிட்டன. உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போங்கள், கோடுகள் நிழல் கட்டி எழும். கடல் வாணிபம் செய்யக் கப்பலேறி வந்தவர்களின் தடயத்தைச் சுற்றி, பல நூற்றாண்டு கழித்து ஒரு மாதா கோயில் எழுந்து, அங்கே தமிழில் பூசையும் நடக்கிறது. எனக்குத் தீவிலுள்ள தலைநகர் ஜார்ஜ் டவுனின் எந்தத் தெருவை விடவும் இந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது.

இதே லோ 1834இல் செபராங் பிறையின் வடக்கில் இன்னொரு கல்லையும் கண்டுபிடித்தார். புத்தகுப்தன் என்ற மாலுமி பாதுகாப்பான கடற்பயணம் வேண்டிச் செதுக்க வைத்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். கடாரம் பார்க்கத் தெற்கிலிருந்து கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் எங்கள் மாநிலத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். வழியில் இறங்கிச் செரோக் தோக்குன் பார்த்துவிட்டுப் போனால் அந்தப் பயணத்துக்கே வேறு பொருள் வரும்.

வடக்கே பெனாகா பக்கம் இன்னும் பழையது ஒன்று உண்டு, குவார் கெப்பா. கற்கால மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்த இடம். 1930களில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்விட்டன. 2017இல் மறுபடி ஒன்று கிடைத்தது. ‘பினாங்குப் பெண்’ என்று பெயர் வைத்தார்கள், வயது ஏறக்குறைய 5,700 ஆண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போனால் பத்து நிமிடத்தில் "எப்போ வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்பார்கள். தொல்லியலில் ஆசை உள்ளவர்கள் மட்டும் போகலாம்.

தெற்கே நிபோங் திபால். பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயிலிலேயே போகலாம், டிக்கெட் சில வெள்ளிதான் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்). இங்கே பார்க்க வேண்டியது கிரியான் ஆற்று மின்மினிகள். இருட்டிய பிறகு படகில் கூட்டிப் போவார்கள். ஆற்றோரத்து பெரெம்பாங் என்ற சதுப்புநில மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னும். கோலாலம்பூர்க்காரர்கள் இதற்குக் கோலா சிலாங்கூர் போவார்கள், அங்கே கூட்டம் அதிகம். அமாவாசையை ஒட்டிய இரவுகளே நல்லது. நிலா வெளிச்சம் இருந்தால் பாதி அழகு போய்விடும். போனில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். படமும் வராது, பூச்சியும் மின்னாது, படகோட்டியின் முகமும் மாறிவிடும்.

நிபோங் திபால் என்றாலே "அந்த 99 கதவு பங்களா" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். கலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டன் குடும்பம் கட்டிய மாளிகை. அந்தக் குடும்பத்தில் ஒருவர் 1948இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு பாழடைந்து, இப்போது யூடியூப்காரர்களின் பேய் வீடு. தனியார் நிலம், கட்டடமும் உறுதியாக இல்லை. நான் யாரையும் அங்கே அனுப்ப மாட்டேன். பேயை விட அந்தத் தோட்டங்களின் கதை கனமானது. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கரை முழுக்கக் கரும்பு. மலாயாவுக்குத் தோட்டக் கூலிகளாக ஒப்பந்தத்தில் வந்த தமிழர்களில் மூத்த தலைமுறை இறங்கியது இந்தக் கரும்புக் காடுகளில்தான். பிறகு ரப்பர், அப்புறம் செம்பனை. நிபோங் திபால், சுங்கை பாக்காப், பத்து காவான் பக்கம் வண்டியில் மெதுவாகப் போனால் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் கண்ணில் படும். சில இடங்களில் தோட்டமே இல்லை, கோயில் மட்டும் நிற்கிறது. இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு அங்கிருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தத் தகவல் பலகையிலும் இல்லாததைச் சொல்வார்.

பத்து காவான் இப்போது ஆளே மாறிவிட்டது. 2014இல் தீவுக்கு இரண்டாவது பாலம் வந்தது, அப்புறம் தொழிற்சாலைகள், ஐகியா மரச்சாமான் கடை. அதே பத்து காவானில் பத்து மூசாங் ஜெட்டிக்குப் போய்ப் படகு ஏறினால் சற்று நேரத்தில் பூலாவ் அமான். சின்ன மீனவர் தீவு, கார் கிடையாது. 1891இல் நட்டதாகச் சொல்லும் ஓர் ஈரப்பலா மரமும், 1789இல் வெட்டிய ‘தங்கக் கிணறு’ம் உண்டு. இரண்டையும் அரை மணியில் பார்த்துவிடலாம். உண்மையில் எல்லாரும் போவது மீ ஊடாங் என்ற இறால் நூடுல்ஸ் சாப்பிட. பெரிய பெரிய இறால், கெட்டியான குழம்பு. திரும்பி வரும் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தீவைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால் அங்கே இருக்கிற என் அத்தை கோபித்துக்கொள்வார். சரி, இரண்டு. தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குள் காட்டுப் பாதையில் நடந்தால் பந்தாய் கெராச்சுட் கடற்கரை. ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் நிலையமும், நன்னீரும் கடல்நீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும் ஏரியும் உண்டு. மழையில்லாத காலத்தில் ஏரி வற்றிக் கிடக்கும். கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். திரும்ப நடக்க முடியாதவர்களுக்குப் படகு கிடைக்கும்.

இன்னொன்று பாலிக் பூலாவ், தீவின் முதுகுப் பக்கம். சுங்கை பூரோங் வயல்களில் சைக்கிள் ஓட்டலாம், லக்சா நூடுல்ஸ் சாப்பிடலாம். ஜூன், ஜூலையில் போனால் டுரியான் பழம். சாலையோரக் கடையில் விலையைக் கேட்டு, நிறுத்துப் பார்த்த பிறகு பிளக்கச் சொல்லுங்கள். பிளந்துவிட்டால் அப்புறம் பேரம் கிடையாது.