குற்றவாளி யாரென்று மட்டும் கேட்காதீர்கள்: துப்பறியும் தொடர்கள் பற்றிய கேள்வி பதில்

துப்பறியும் நாவல்களையும் அவற்றைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்தக் கதையிலும் கொலை செய்தவரின் பெயரை வெளியிடுவதில்லை என்பது என் நெடுநாள் விரதம்; அது இங்கும் தொடரும்.

அகதா கிறிஸ்டியின் பொய்ரோ நாவல்களை எந்த வரிசையில் படிப்பது?
(இல்லத்தரசி, மதுரை)

பெல்ஜிய நாட்டுத் துப்பறிவாளர் பொய்ரோ வருகிற நாவல்கள் மொத்தம் 33 இருக்கின்றன என்று மலைத்துப்போக வேண்டாம். ஒவ்வொன்றும் தனிக்கதை என்பதால், கையில் எது கிடைக்கிறதோ அதிலிருந்தே தொடங்கலாம். இரண்டு நூல்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. 'கர்ட்டன்' நாவலைக் கடைசியாகத்தான் படிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதி, பத்திரமாகப் பூட்டி வைத்து, 1975இல் கிறிஸ்டி வெளியிட்ட நூல் அது. அதையொட்டி, 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் கற்பனை மனிதரான பொய்ரோவுக்குத் தன் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி வெளியிட்டது. இன்னொன்று, 1937இல் வந்த 'டம்ப் விட்னஸ்'. அதில் ஓரிடத்தில் பொய்ரோ, தாம் முன்பு பிடித்த கொலையாளிகள் நால்வரைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். அதைத் தெரியாமல் முதலில் எடுத்துவிட்டால், ஒரே பத்தியில் நான்கு நாவல்களின் முடிச்சும் அவிழ்ந்துவிடும். 1935 வரை வந்தவற்றை முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.

எத்தனை கதை படித்தாலும் ஒரு முறைகூட என்னால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. எனக்குக் கூர்மை போதாதோ?
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்)

கூர்மை போதாது என்று யார் சொன்னது? நீங்கள் ஏமாற வேண்டும் என்பதற்காகவே ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் ஐயா. ஏமாந்தோமா இல்லையா என்பதைக் காட்டிலும், நியாயமாக ஏமாற்றப்பட்டோமா என்று பார்ப்பதே இந்த வகை எழுத்தை ரசிக்கும் வழி. துப்பு நம் கண்ணெதிரே வைக்கப்பட்டிருந்ததா என்பதே கேள்வி.

1892இல் வெளியான 'சில்வர் பிளேஸ்' என்ற, கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஒரு குதிரை லாயம். இரவுக் காவலுக்கு இருக்கும் பையனுக்கு வேலைக்காரப் பெண் ஆட்டிறைச்சிக் கறி கொண்டு வருகிறாள். அதைத் தின்றவன் மயங்கிக் கிடக்கிறான். பந்தயக் குதிரை காணாமற்போகிறது. அதன் பயிற்சியாளர் மண்டை உடைந்து இறந்து கிடக்கிறார். அன்று மாலை லாயத்தைச் சுற்றித் திரிந்த அந்நியன் ஒருவனைக் காவல்துறை பிடித்துவிடுகிறது. இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் குதிரை காணாமற்போன இரவில் குரைக்காமலிருந்த லாயத்து நாயைத்தான் சொல்வார்கள். எனக்கோ அந்தக் கறியே பெரிய துப்பாகப் படுகிறது. அதில் கலந்திருந்த அபின் தூளுக்கு ஒரு சுவை உண்டு. சாதாரண உணவில் கலந்தால் முதல் கவளத்திலேயே நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். மசாலாவின் காரம்தான் அதை மறைக்கும். அப்படியானால், தற்செயலாக அந்தப் பக்கம் வந்த அந்நியனுக்கு, அன்றிரவு அந்த வீட்டில் மசாலாக் கறி சமைக்கப்படும்படி செய்ய எப்படி முடிந்திருக்கும்? இதற்குமேல் சொன்னால் விரதம் கலைந்துவிடும். கதையின் தொடக்கத்திலேயே, மூடி திறந்த பாத்திரம்போல், அந்தக் கறி நம் முன்னே இருக்கிறது. காரத்தின் வேலை என்னவென்று நன்றாகவே அறிந்த நாமும் அதைக் கவனிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

'கொலம்போ' தொடரில் முதல் காட்சியிலேயே கொலைகாரனைக் காட்டிவிடுகிறார்களே, அதன் பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
(பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

எல்லாம் அதன் பிறகுதான் இருக்கிறது. 'யார்' என்பதற்குப் பதிலாக 'எப்படி மாட்டுவான்' என்று கேட்கிற இந்த முறையைத் தொலைக்காட்சி கண்டுபிடிக்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார். 1968இல் சோதனைப் படமாகத் தொடங்கி 2003 வரை, இடையில் பல ஆண்டு இடைவெளியோடு, 69 கதைகளில் பீட்டர் ஃபாக் கொலம்போவாக நடித்தார். கசங்கிய மழைக்கோட்டும் சுருட்டுமாக வருகிற அந்தக் காவல் அதிகாரி, விசாரணை முடிந்து கதவு வரை போய்விட்டு, கொலையாளி நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரத்தில், இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று திரும்புவார். அந்தக் கணத்தில் எதிரிலிருப்பவரின் முகத்தைப் பாருங்கள். கொலையாளி யாரென்று நமக்குத் தெரியாமலிருந்தால் அந்த முகத்தைப் பார்த்து ரசித்திருக்க முடியாது.

நாவல்களை மாற்றித் தொடராக எடுப்பது மூல நூலுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?
(நூலகர், திருச்சி)

சில நேரங்களில் அப்படித்தான். ஆனால் காலின் டெக்ஸ்டரின் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் விஷயத்தில் நடந்தது வேறு. தொடக்க நாவல்களில் மோர்ஸ் ஓட்டுவது லான்சியா கார். அவருடைய உதவியாளர் லூயிஸ் வேல்ஸ் நாட்டுக்காரர், வயதிலும் மூத்தவர். 1987இல் தொடங்கிய தொடரில் மோர்ஸாக நடித்த ஜான் தா சிவப்பு ஜாகுவார் காரில் வந்து இறங்கினார். லூயிஸோ வட இங்கிலாந்து இளைஞராகிவிட்டார். நியாயப்படி எழுத்தாளர் சண்டைக்குப் போயிருக்க வேண்டும். டெக்ஸ்டர் அதற்கு மாறாக, அடுத்து எழுதிய நாவல்களைத் தொடருக்கேற்ப மாற்றிக்கொண்டார். பழைய நாவல்களின் மறுபதிப்புகளிலும் ஜாகுவார் இடம் பிடித்துவிட்டது. தொடரில் அநேகமாக ஒவ்வொரு கதையிலும் எங்காவது ஓர் ஓரத்தில் அவரே தலைகாட்டவும் செய்வார். 13 நாவல்கள் 33 திரைக்கதைகளாகப் பெருகின என்பதால், பெரும்பகுதி புதிதாக எழுதப்பட்டதே.

நூலில் இருக்க முடியாத ஒன்றும் அதில் உண்டு. இசையமைப்பாளர் பாரிங்டன் ஃபெலூங், முகப்பு இசையின் தாளத்திலேயே 'மோர்ஸ்' என்ற பெயரைத் தந்தி மொழியான மோர்ஸ் குறியீட்டில் ஒலிக்கவைத்தார். சில கதைகளின் பின்னணி இசையில் கொலையாளியின் பெயரையும், சிலவற்றில் நம்மைத் திசைதிருப்பத் தவறான பெயரையும் அதேபோல் ஒளித்து வைத்தார். துப்பைக் காதுக்கெதிரே வைத்த மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவரே.

ஹோம்ஸாக நடித்தவர்களில் யார் சிறந்தவர்?
(தனியார் நிறுவன ஊழியர், சென்னை)

ஜெரமி பிரெட். 1984 முதல் 1994 வரை 41 கதைகள். 2010இல் பிபிசி தொடங்கிய நவீன வடிவத்தின் முதல் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் போகப்போக அது ஹோம்ஸின் வழக்குகளை விட்டுவிட்டு ஹோம்ஸையே ஆராயத் தொடங்கிவிட்டது.

டேவிட் சூஷே நடித்த பொய்ரோ தொடரை எங்கிருந்து பார்க்கலாம்?
(மருத்துவர், நாகர்கோவில்)

முதலிலிருந்தே பாருங்கள். 1989 முதல் 2013 வரை 70 கதைகள். தொடக்கத்தில் வருகிற ஒரு மணி நேரக் கதைகளில் பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ், காவல் அதிகாரி ஜாப், செயலாளர் மிஸ் லெமன் ஆகியோரின் கலகலப்பு உண்டு. பின்னால் வருகிற நீண்ட படங்களில் இருள் கவிந்துவிடும். சூஷே நூல்களை எல்லாம் படித்து, பொய்ரோவின் பழக்கவழக்கங்களை 93 குறிப்புகளாகத் தொகுத்து வைத்துக்கொண்டார். அந்தச் சிறு அடி வைத்த நடைக்காகத் தம் பிட்டங்களுக்கிடையே ஒரு நாணயத்தை இடுக்கிக்கொண்டு நடந்து பழகினாராம். நான் ஒரு முறை வீட்டுக் கூடத்தில் முயன்று பார்த்தேன். மூன்றாவது அடியில் நாணயம் விழுந்துவிட்டது.

பன்னிரண்டு வயது மகளுக்கு எதைக் கொடுக்கலாம்?
(பள்ளி ஆசிரியை, ஈரோடு)

'தி ப்ளூ கார்பங்கிள்'. கொலையே இல்லாத ஹோம்ஸ் கதை. ஒரு வாத்து, ஒரு பழைய தொப்பி, ஒரு நீலக்கல், அவ்வளவுதான்.

ஒரே நாயகனை வைத்து எழுதி எழுதி எழுத்தாளர்களுக்கு அலுக்காதா?
(வழக்கறிஞர், வேலூர்)

நன்றாகவே அலுத்திருக்கிறது. கானன் டாயில் 1893இல் ஹோம்ஸை ஒரேயடியாக அருவியில் தள்ளி முடித்துவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்து 1903இல் உயிரோடு திரும்ப அழைத்து வர வேண்டியதாயிற்று. கிறிஸ்டியின் வழி இன்னும் நயமானது. அரியாட்னி ஆலிவர் என்ற எழுத்தாளரைத் தம் நாவல்களுக்குள் உலவவிட்டார். அந்த அம்மையார் தாம் உருவாக்கிய ஃபின்லாந்துத் துப்பறிவாளரைப் பற்றிச் சலித்துக்கொண்டே இருப்பார். ஃபின்லாந்து என்ற இடத்தில் பெல்ஜியம் என்று மாற்றிப் படித்தால், கிறிஸ்டி யாரைத் திட்டுகிறார் என்று விளங்கிவிடும்.

நீங்களாவது எப்போதாவது கடைசிப் பக்கத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறீர்களா?
(கல்லூரி மாணவி, சேலம்)

ஒரு முறை, கண்டுபிடித்துவிட்டதாக நம்பினேன். கல்லூரி நாள்களில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு நாவலின் நாற்பதாம் பக்கத்தில், எனக்கு முன்பு படித்த புண்ணியவான் ஒருவர், ஒரு பாத்திரத்தின் பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் 'இவன்தான்' என்று எழுதி வைத்திருந்தார். அவரை மனதாரச் சபித்துக்கொண்டே, அந்த ஆளை மட்டும் கண்காணித்தபடி மீதி இருநூறு பக்கங்களையும் படித்து முடித்தேன். கடைசியில் பார்த்தால், அவன் இல்லை.