பத்தடி அறையில் தொலையும் பாஸ்

அன்புள்ள அக்கா,

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கூத்து மத்தளத்தை எலெக்ட்ரோனிக் இசையோடு சேர்த்துப் பாட்டுச் செய்ய வேண்டும் என்று ஆசை. கையில் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப், அதில் செருகி வாசிக்கிற சின்ன மிடி கீபோட், சப்வூபரோடு வந்த கொம்பியூட்டர் ஸ்பீக்கர். அறை பத்தடிக்குப் பத்தடி, டைல்ஸ் தரை, மேலே சீற் கூரை. அறையில் நல்லாய்க் கேட்கிற பாட்டு ஓட்டோவில் போட்டால் குமுறுகிறது. போனில் போட்டால் கீழ்ச் சுரமான பாஸே இல்லை. கீபோட்டில் கட்டையை அழுத்தினால் சத்தம் பிந்தி வருகிறது. சார்ஜரைச் செருகினால் ஒரு இரைச்சல். கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறேன். ஸ்டூடியோ மொனிட்டர் ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கட்டுமா? சுவரில் முட்டைத் தட்டு ஒட்டினால் சரிவருமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மொனிட்டர் ஸ்பீக்கர் இப்போதைக்கு வேண்டாம். எவ்வளவு நல்ல சோடியைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த அறை அதையும் கெடுக்கும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்தடி என்பது 3.05 மீற்றர். 30 பாகை வெக்கையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை அப்படியே பொருந்துகிற அதிர்வெண் எது என்று அறிய, 349ஐ 3.05இன் இருமடங்கால் வகுக்க வேண்டும். வருவது 57 ஹேர்ட்ஸ். பாஸ் வாசிக்கும்போது அடிக்கடி கை போகிற இடம் அது: 55இல் ஏ என்ற சுரம், 58இல் பி பிளாட். நீளமும் அகலமும் ஒரே அளவு என்பதால் இரண்டு சோடிச் சுவர்களும் அதே 57ஐத்தான் தூக்கிக் கொடுக்கும். சீற் கூரையின் உயரமும் பத்தடியை ஒட்டி வந்தால் இன்னும் மோசம். சதுர அறை இசைக்கு ஆகாது என்பது இதனால்தான்.

அந்த அலை சுவரோரத்தில் உச்சமாக நிற்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய இல்லாமலே போகும். கதிரையை நடுவில் போட்டு வேலை செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே 57 காதுக்கு வராது. பாஸ் காணாது என்று கூட்டுவீர்கள். கூட்டியதெல்லாம் பாட்டுக்குள்ளேயே இருக்கும், ஓட்டோவில் வெளியே வரும். இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். சைன் அலை எனும் ஒற்றைச் சுர ஒலியை 57இல் ஓடவிட்டு, சுவரோரத்தில் இருந்து அறையின் நடுவுக்கு மெல்ல நடந்து போங்கள். சத்தம் காலடிக்குக் காலடி கரைவது கேட்கும். பிறகு 40இல் இருந்து 120 வரை ஐந்தைந்தாகக் கூட்டி, இருக்கிற இடத்தில் எது எழும்புகிறது, எது விழுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

கதிரையை முன்சுவரில் இருந்து மூன்றே முக்கால் அடியில் காது வரும்படி நகர்த்துங்கள். இடது வலது சுவர்களுக்குச் சம தூரம் இருக்கட்டும். சப்வூபர் மூலையில் இருந்தால் வெளியே இழுங்கள். மூலையில் இருக்கிற சப்வூபர் அறையின் எல்லா அதிர்வுகளையும் சேர்த்துக் கிளப்பும்.

முட்டைத் தட்டு வேண்டாம். 57 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீற்றருக்கு மேல். மெல்லிய காட்போட் அதை என்ன செய்யும்? மேல்சுரத்தில் கொஞ்சம் மங்கலாகும், அவ்வளவுதான். கரப்பான் குடியேறும், தீப்பிடித்தால் அறையே போகும். அதைவிட நாலு அங்குலத் தும்பு மெத்தை இரண்டை முன்மூலைகளில் குறுக்காக நிறுத்தலாம். பின்னால் இருக்கும் இடைவெளியை அடைக்க வேண்டாம். அந்த இடைவெளி மெத்தை இன்னும் கீழ்ச் சுரம் வரை வேலை செய்ய உதவும், மாரியில் காற்றுப் புழங்கி பூஞ்சணம் பிடிக்காமலும் காக்கும். கையைத் தட்டினால் டைல்ஸ் அறையில் வருமே ஒரு சிணுங்கல், அது ஓரளவு அடங்கும். ஆனால் 57ஐ மெத்தையும் அடக்காது.

அதனால் முதல் காசு வயர் உள்ள ஒரு நல்ல ஹெட்போனுக்கு. அறை காதுக்குள் நுழைய முடியாத ஒரே வழி அதுதான். பாஸ் பற்றிய முடிவெல்லாம் அதில் எடுங்கள், ஸ்பீக்கரை ஒத்துப் பார்க்க மட்டும் பாவியுங்கள். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்குக் கூடவே கூடாது, சத்தம் பிந்தும்.

இரண்டாவது காசு இரண்டு உள்ளீடு உள்ள யூஎஸ்பி ஓடியோ இன்டர்பேஸுக்கு, அதாவது மைக்கையும் ஹெட்போனையும் லப்டொப்போடு இணைக்கும் பெட்டிக்கு. கட்டை அழுத்திச் சத்தம் பிந்துவது இதில் தீரும். ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருள்தான் ட்ரைவர். விண்டோஸின் சாதாரண ட்ரைவர் ஒலியைப் பெரிய பெரிய பொதியாகச் சேர்த்துத்தான் அனுப்பும். இன்டர்பேஸோடு வரும் ஆசியோ ட்ரைவரில் அந்தப் பொதியின் அளவை நீங்களே வைக்கலாம். செக்கனுக்கு 44,100 ஒலி மாதிரி (சாம்பிள்) என்ற வேகத்தில், பொதிக்கு 1024 மாதிரி என்றால் 23 மில்லி செக்கன், விரல் உணரும். 128 என்றால் 3 மில்லி செக்கன் கூட இல்லை. வாசிக்கும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024. 128இல் சத்தம் வெடித்து வெடித்து வந்தால் வைஃபையை நிறுத்துங்கள், பவர் செட்டிங்கை உச்சத்தில் வையுங்கள், வாசித்து முடிந்த தடங்களை (ட்ராக்) ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது ஒலிக்கோப்பாக மாற்றி வையுங்கள். இன்டர்பேஸ் வாங்கும் வரை ஆசியோ4ஆல் என்ற இலவச ட்ரைவரைப் போட்டுப் பாருங்கள். பாட்டுச் செய்யும் மென்பொருளுக்குக் காசு வேண்டாம்: எல்எம்எம்எஸ் இலவசம், ரீப்பர் 60 நாள் முழுசாகப் பாவித்துப் பார்க்கலாம், எலெக்ட்ரோனிக் ஒலிகளை உண்டாக்கும் சின்த்துக்கு சர்ஜ் எக்ஸ்டி ஒன்றே பல வருடத்துக்குப் போதும்.

சார்ஜர் இரைச்சலுக்கு வருவோம். சார்ஜரைக் கழற்றியதும் நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் எர்த் வளையம்: லப்டொப்பும் ஸ்பீக்கரும் வெவ்வேறு வழியில் எர்த்துக்குப் போக, நடுவில் உள்ள ஓடியோ வயரில் 50 ஹேர்ட்ஸும் சார்ஜரின் கரகரப்பும் ஓடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் செருகுங்கள். ஒலிப்பதிவை பற்றரியில் செய்யுங்கள். எர்த் பின்னை வெட்டச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் பழுது வருகிற அன்றைக்குக் கரண்ட் உங்கள் கைவழியாகத்தான் போகும்.

போனில் பாஸ் கேட்காததற்கு அறை காரணமில்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 55 ஹேர்ட்ஸைப் போடவே முடியாது. ஆனால் 110, 165, 220 என்று அதன் மடங்குகள் கேட்டால், அடியில் 55 இருப்பதாகக் காது தானே நிரப்பிக்கொள்ளும். பாஸ் தடத்தைப் பிரதி எடுங்கள், பிரதியில் டிஸ்டோர்ஷன் (ஒலியைச் சிதைத்து அந்த மடங்குகளை உண்டாக்கும் விளைவு) கொடுத்து, அதற்குப் பிறகு 150க்குக் கீழே வெட்டுங்கள், போனில் பாஸின் மெட்டு புரிகிற அளவுக்கு மட்டும் மூலத்தோடு கலவுங்கள். 120க்குக் கீழே எல்லாம் மோனோவாக, அதாவது இடது வலது இரண்டிலும் ஒரே ஒலியாக, இருக்கட்டும். கோயில் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கர் மோனோதான்; இடது வலதாக அகலப்படுத்திய ஒலிகள் அங்கே ஒன்றையொன்று தின்றுவிடும். மோனோ பொத்தானை அழுத்தி ஒருமுறை கேட்காமல் எந்தப் பாட்டையும் வெளியே விடாதீர்கள்.

இனி மத்தளம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அதை அந்த அறைக்குள் பதிய வேண்டாம். கூத்தாடும் வட்டக்களரியில், திறந்த வெளியில் ஒலிக்கிற வாத்தியம் அது. வீட்டு வளவில், மணல் தரையில், சுவரை விட்டுத் தள்ளி, மத்தளம் வாசிக்கும் அண்ணாவியாரை இருத்துங்கள். விடியற்காலைச் சுபஹு பாங்கும் கோயில் மணியும் ஓய்ந்த பிறகு, காற்று எழும்ப முன்னம் உள்ள நேரம் நல்லது. கடல் இரைச்சலுக்கும் மைக்குக்கும் நடுவே வீடு மறைப்பாக இருக்கட்டும். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம்.

மைக் டைனமிக் வகையாக இருக்கட்டும். மற்ற வகையான கண்டென்சர் மைக்கின் தகட்டில் ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசிந்து பொரிகிற சத்தம் வரும், நமது கடற்கரைக் காற்றுக்கு அது தாங்காது. ஒரு மைக் மட்டும் என்றால் மத்தளத்துக்கு முன்னால் இரண்டு, இரண்டரை அடியில், இரு தலைக்கும் நடுவாக வையுங்கள், அடங்கிக் கேட்கிற தலைப் பக்கம் சிறிது நகர்த்துங்கள். இரண்டு மைக் என்றால் தலைக்கு ஒன்று, ஓர் அடி தூரத்தில். ஒரு தலையில் அடி விழுந்து தோல் உள்ளே போகும்போது மற்றத் தோல் வெளியே தள்ளும். இரண்டு மைக்கிலும் அலை எதிரெதிராகப் பதியும். கலந்ததும் அடிச்சத்தம் மெலிந்தால் ஒரு தடத்தின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழை, திருப்புங்கள். மத்தளம் உடனே தடித்து நிற்கும்.

பதிவு 24 பிட்டில் இருக்கட்டும், சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல். ஒவ்வொரு அடியையும் நாலு வலுவில், வலுவுக்கு நாலு தரம் பதியுங்கள், நடுவில் மூன்று செக்கன் அமைதி. ஆறு வகை அடிக்கு 96 துண்டுகள் வரும். ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரம் என்று காது கண்டுபிடித்துவிடும், அதற்காகத்தான் நாலு தரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடியுங்கள். மாரியில் தோல் இளகும், அடுத்த நாள் சுருதி வேறாக இருக்கும். பதிந்த துண்டுகளைக் கீபோட் கட்டைகளில் வாசிக்க விடும் சஃபோர்சாண்டோ என்ற இலவச சாம்ப்ளரில் எந்தத் துண்டு, எந்தக் கட்டை, எந்த வலு, எத்தனையாவது முறை என்று நோட்பாடிலேயே எழுதிக் கோர்க்கலாம்.

துண்டுகளோடு, ஐந்து நிமிடம் தொடர்ச்சியாகவும் வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். காதில் கிளிக் (வேகம் காட்டும் டிக் டிக் சத்தம்) கொடுக்க வேண்டாம். ஆட்டத்தோடு ஏறி இறங்கும் வேகத்தில்தான் அந்த வாசிப்பின் உயிர் இருக்கிறது, மென்பொருளின் சம அளவுக் கட்டத்துக்குள் இழுத்தால் போய்விடும். பதிவை முதலில் வைத்து, தாளக்கட்டின் ஒவ்வொரு முதல் அடியிலும் டெம்போ (வேக) குறியைப் போடுங்கள். சின்த்தும் கிக் டிரம்மும் அந்தக் குறிகளைப் பின்பற்றி ஓடும்.

பதிந்ததும் ஐந்தாறு அடிகளை, எந்த விளைவும் சேர்க்காமல், அப்படியே அனுப்புங்கள் தம்பி. கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா